தாகமா, மூச்சுத் திணறலா?

போன ஐப்பசி மழையில் எங்கள் மாடித் தோட்டத்துத் தக்காளிச் செடி ஒன்று தலை தொங்கிப்போனது. பையின் அடியில் இருந்த ஓட்டைகளை மண் அடைத்துக்கொண்டு, மூன்று நாளாகத் தண்ணீர் உள்ளேயே நின்றிருக்கிறது. அது எனக்குத் தெரியாது. துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "தம்பி, செடி தண்ணிக்கு ஏங்குது பாருங்க, ஒரு செம்பு ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். மறுநாள் இலைகள் இன்னும் கீழே வந்திருந்தன.

அப்புறம்தான் உட்கார்ந்து கிட்டத்தில் பார்த்தேன். வெயிலில் வாடிய தக்காளி இலையைத் தொட்டால் நனைந்த துணி மாதிரித் துவண்டு கையில் விழும். இந்த இலை அப்படி இல்லை. இலைப் பரப்பு விறைப்பாகவே இருந்தது. வளைந்திருந்தது காம்பு மட்டும்தான். தண்டை விட்டுக் கிளம்பும் இடத்தில் அதன் மேல்புறம் கீழ்ப்புறத்தைவிட நீண்டு வளர்ந்து, காம்பு முழுவதும் வில்லாகத் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது. விரலால் நிமிர்த்தினால் முறுக்கோடு எதிர்த்தது. அந்தச் செடி வாடியிருக்கவில்லை, வளர்ந்து வளைந்திருந்தது.

தாகத்தில் துவள்வதும் வெள்ளத்தில் வளைவதும் தள்ளி நின்று பார்க்கிறவருக்கு ஒன்றுதான். செடிக்குள் நடப்பவை வேறு வேறு. இரண்டு ஆபத்துக்கும் இரண்டு ஹார்மோன், அந்த ஹார்மோன்களைச் செய்ய, கடத்த, உணரத் தனித்தனி மரபணுக்கள். நரம்போ மூளையோ இல்லாமல், நட்ட இடத்தை விட்டு ஓட முடியாமல், ஒரு செடி தன் வேருக்கு வந்த கஷ்டத்தை இலைக்கு எப்படிச் சொல்கிறது என்ற கேள்விக்கு நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல பதில்களில் பல தக்காளியிடமிருந்து வந்தவை.

தக்காளியின் மரபணுத் தொகுதியைப் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து முழுமையாகப் படித்து 2012இல் வெளியிட்டார்கள். 12 குரோமோசோம்கள், ஏறத்தாழ 35,000 மரபணுக்கள். அதில் ஐந்தாவது குரோமோசோமைப் படித்தது இந்திய அணி. ஆனால் எழுத்துக்களைப் படிப்பது வேறு, அர்த்தம் புரிவது வேறு. ஒரு மரபணு என்ன வேலை பார்க்கிறது என்று அறிய அதைக் கெடுத்துப் பார்ப்பதுதான் பழைய வழி. எது நின்றுபோகிறதோ அதுதான் அதன் வேலை.

அப்படிக் கெட்ட செடிகளைக் குவித்தவர் ஹான்ஸ் ஸ்டுப்பே. கிழக்கு ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபன் என்ற ஊரில் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்தியவர். சோவியத் செல்வாக்கில் லைசென்கோவின் போலி மரபியல் கோலோச்சிய நாட்களில் அதற்குப் பணியாமல் நின்றவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1950களில் அவர் எக்ஸ்-கதிர் பாய்ச்சி உருவாக்கிய விசித்திரத் தக்காளிகளில் மூன்று, மண் ஈரமாக இருக்கும்போதே உச்சி வெயிலில் துவண்டன. அவற்றுக்கு லத்தீனில் பெயர் வைத்தார்கள்: ஃபிளாக்கா, அதாவது தொய்ந்தது, சிட்டியன்ஸ், தாகமெடுத்தது, நோடாபிலிஸ், கவனிக்கத்தக்கது. வயலில் இருந்தால் எந்த விவசாயியும் பிடுங்கிப் போட்டிருக்கக்கூடிய செடிகள். பிடுங்காமல் விதை எடுத்து வைத்ததால் இன்று நமக்கு ஒரு பெரிய விஷயம் தெரிந்திருக்கிறது.

இந்தச் செடிகள் ஏன் வாடின? வேர் தண்ணீர் எடுக்கவில்லையா, இலை தண்ணீரை வைத்துக்கொள்ளவில்லையா? இஸ்ரேலைச் சேர்ந்த மோஷே தால் 1966இல் இதற்கு விடை சொன்னார். இலைத்துளைகள் மூடவே இல்லை. இருட்டில் மூட வேண்டும், மூடவில்லை. இலை வாடிய பிறகாவது மூட வேண்டும், அப்போதும் திறந்தே கிடந்தன.

இலைத்துளையைப் பார்த்ததில்லை என்றால் ஒரு மாலைப் பொழுதைச் செலவழிக்கலாம். இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லப் பூசிக் காயவிட்டு, ஒட்டும் டேப்பால் உரித்து, பள்ளிக்கூட நுண்ணோக்கியில் வைத்தால் போதும். இரண்டு அவரை விதைகளை எதிரெதிராக ஒட்டி வைத்ததுபோல நூற்றுக்கணக்கான வாய்கள் அச்சாகத் தெரியும். அந்த அவரை விதைகள்தான் காப்புச் செல்கள். உள்ளே நீர் நிரம்பிப் புடைத்தால் நடுவே வாய் திறக்கும்; நீர் வடிந்து தளர்ந்தால் வாய் மூடும். கரியமில வாயு உள்ளே வருவது இந்த வாய் வழியாகத்தான். நீராவி வெளியே போவதும் இதே வாய் வழியாகத்தான். திறந்தால் சோறு கிடைக்கும், தண்ணீர் போகும். மூடினால் தண்ணீர் மிஞ்சும், பட்டினி. தக்காளியின் வறட்சிக் கதை முழுக்க இந்த ஒரு பேரத்துக்குள் அடங்கியிருக்கிறது.

வாயை மூடச் சொல்லும் ஹார்மோன் அப்சிசிக் அமிலம். உதிர்தல் என்ற பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. 1960களில் பருத்திக் காய் உதிர்வதை ஆராய்ந்தவர்கள் கைக்கு முதலில் அகப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1970இல் தாலும் அவருடைய சக ஆய்வாளர் இம்பரும் ஃபிளாக்கா செடிகளுக்கு அப்சிசிக் அமிலக் கரைசலைத் தொடர்ந்து தெளித்துப் பார்த்தார்கள். துளைகள் மூடின. தொய்ந்த செடி சாதாரணச் செடி மாதிரி நிமிர்ந்தது. ஆக, அந்தச் செடியின் கதவில் பழுது இல்லை. கதவை மூடச் சொல்லும் செய்திதான் அதற்குள் உருவாகவில்லை.

மூன்று செடிகளும் அந்தச் செய்தி தயாராகும் ஒரே வரிசையில் வெவ்வேறு இடத்தில் உடைந்தவை என்பது பின்னால் தெரியவந்தது. கேரட்டுக்கும் தக்காளிப் பழத்துக்கும் நிறம் தரும் கரோட்டினாய்டு குடும்பத்திலிருந்துதான் செடி அப்சிசிக் அமிலத்தைச் செய்கிறது. 40 கார்பன் அணுக்கள் கொண்ட நீளமான மூலக்கூறு ஒன்றைப் பாக்குவெட்டியில் வைத்த மாதிரி ஒரு நொதி வெட்டுகிறது. 25 கார்பன் துண்டு ஒரு பக்கம் போக, 15 கார்பன் துண்டுதான் ஹார்மோனாக மாறப்போவது. அந்தப் பாக்குவெட்டியைச் செய்யும் மரபணுதான் நோடாபிலிஸில் கெட்டிருந்தது. 1999இல் அதைப் படித்துப் பார்த்தபோது ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. ஒரு எழுத்து போனதால் அதற்கப்புறம் வரும் சொற்கள் எல்லாம் நகர்ந்து, புரதம் பாதியில் முடிந்துவிட்டது. சிட்டியன்ஸில் கடைசிக் கட்ட நொதி பழுது. ஃபிளாக்காவின் கதை இன்னும் நுணுக்கமானது. அந்தக் கடைசி நொதி வேலை செய்ய மாலிப்டினம் வேண்டும், அந்த மாலிப்டினத்தோடு ஒரு கந்தக அணு சேர வேண்டும். கந்தகத்தைச் சேர்த்துவிடும் மரபணுதான் ஃபிளாக்காவில் கெட்டிருந்தது. மண்ணில் கடுகளவு கூடத் தேவைப்படாத ஒரு நுண்சத்து, செடி தாகத்தைத் தாங்கும் வித்தையின் நடு அச்சாக இருக்கிறது!

ஹார்மோன் வந்த பிறகு நடப்பதை இப்படிக் கற்பனை செய்துகொள்ளலாம். காப்புச் செல்லுக்குள் கதவை மூடும் வேலைக்காரன் எப்போதும் இருக்கிறான். ஆனால் ஒரு காவலன் அவன் கையைக் கட்டி வைத்திருக்கிறான். அப்சிசிக் அமிலம் வந்து தன் ஏற்பிப் புரதத்தில் உட்கார்ந்ததும், அந்த ஏற்பி காவலனைப் பிடித்துக்கொள்கிறது. வேலைக்காரன் கை அவிழ்கிறது. அவன் சவ்விலுள்ள அயனிக் குழாய்களைத் திறக்கிறான். உப்பு வெளியேறுகிறது, பின்னாலேயே நீரும் வெளியேறுகிறது, செல் தளர்கிறது, வாய் மூடுகிறது. எல்லாம் சில நிமிடங்களில். இந்த ஏற்பிகள் எவை என்பது 2009இல்தான் உறுதியானது.

மண் காய்வதை முதலில் உணர்வது வேர்தானே, எனவே ஹார்மோனை வேர்தான் செய்து மேலே அனுப்புகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். கேட்கவும் சரியாகத்தான் இருக்கிறது. 2002இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மிஷெல் ஹோல்புரூக்கும் குழுவினரும் இதை ஒட்டுக்கட்டிச் சோதித்தார்கள். ஹார்மோன் செய்யத் தெரியாத செடியின் வேரில் நல்ல செடியின் தண்டை ஒட்டி, மண்ணைக் காயவிட்டார்கள். துளைகள் ஒழுங்காக மூடின. வேரில் அப்சிசிக் அமிலம் தயாராகாவிட்டாலும் பாதகமில்லை. தண்டும் இலையும் எந்தச் செடியுடையவை என்பதே முடிவைத் தீர்மானித்தது. மண்ணின் வறட்சியை வேர் ஏதோ வகையில் தெரிவிக்கிறது. மருந்தை இலை தன் வீட்டிலேயே அரைத்துக்கொள்கிறது. இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். பிளேடும் கட்டுநாரும் வைத்து, கேட்கவேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்ட ஆய்வு.

இன்னொரு நம்பிக்கையும் உடைந்தது. அப்சிசிக் அமிலம் வளர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோன் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அப்படியானால் அது குறைந்த ஃபிளாக்கா நன்றாக வளர வேண்டுமே? குட்டையாகத்தான் இருக்கிறது. தண்ணீர்ப் பற்றாக்குறையால் குட்டையோ என்று சந்தேகம் வந்து, அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஷார்ப்பின் குழு ஈரக்காற்றில் வைத்து வளர்த்தது. இலையில் நீர்க்குறை இல்லாதபோதும் செடி குட்டையாகவே நின்றது. காரணம் எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோன். அப்சிசிக் அமிலம் இருந்தால் எத்திலீன் அளவுக்கு மீறிச் சுரக்காமல் அது பார்த்துக்கொள்கிறது. அது இல்லாதபோது எத்திலீன் கட்டவிழ்ந்து செடியைக் குறுக்குகிறது. 2000இல் வெளிவந்த இந்த முடிவுக்குப் பிறகு, ஒரு ஹார்மோனுக்கு ஒரு வேலை என்று எழுதுவது எனக்குக் கூசுகிறது. ஹார்மோன்கள் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன. ஒன்றை அசைத்தால் மற்றது அசையும்.

வறட்சியைத் தாங்கும் தக்காளி வேண்டும் என்கிறவர்களுக்கு இதனால் எழும் ஆசை இயல்பானது: பாக்குவெட்டி மரபணுவைக் கூட்டிவிட்டால் என்ன? இங்கிலாந்தில் ஆண்ட்ரூ தாம்சன், இயன் டெய்லர் குழுவினர் அதைச் செய்து பார்த்தார்கள். செடிகள் குறைந்த நீரில் தாக்குப்பிடித்தன என்பது உண்மை. ஆனால் ஹார்மோன் மிகவும் கூடிய வகைகளில் விதை முளைக்கத் தாமதித்தது, நாற்று மெல்ல வளர்ந்தது. மிதமாகக் கூட்டிய வகைகள்தான் பயனுள்ளவையாக இருந்தன. விதையைத் தூங்கவைப்பதும் இதே ஹார்மோன் என்பதால் இது ஆச்சரியமில்லை. ஒரு மரபணுவைப் பெருக்கினாலே பஞ்சம் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால், அந்த விதை எத்தனை நாளில் முளைத்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வெப்பம் வந்தால் கணக்கு வேறு. சித்திரை வெயிலில் "பூ பூக்குது, பிஞ்சு பிடிக்கல" என்று தக்காளி விவசாயிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சூட்டில் முதலில் சாவது மகரந்தம். சூலகம் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை, அது காத்திருக்கிறது. மகரந்தம் சேர்ந்து கரு உருவானால் ஆக்சின் என்ற ஹார்மோன் பெருகி, "இனி வளரலாம்" என்று அனுமதி கிடைக்கும். அதுவரை பிரேக் போட்டு வைத்திருக்கும் புரதங்களில் ஒன்று ஐஏஏ-9. இந்த மரபணுவை முடக்கினால் மகரந்தம் இல்லாமலேயே காய் பிடிக்கிறது, விதையும் இல்லை. ஜப்பானின் தோகுஷிமா பல்கலைக்கழகத்தார் 2017இல் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையில் இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் அந்தச் செடியின் இலையைப் பார்த்தால் தக்காளி இலை என்றே சொல்ல மாட்டோம். பிளவுபட்டுச் சிறகு சிறகாக இருக்க வேண்டிய இலை, ஒரே தகடாக நிற்கிறது. காயைப் பிடித்துவைக்கும் பிரேக்தான் இலையைப் பிளக்கும் கத்தரியாகவும் இருந்திருக்கிறது.

வயலில் வெயில் மட்டும் தனியாக வருவதில்லை, புழுவும் கூடவே வரும். புழு கடித்தால் தக்காளி செய்யும் ஹார்மோனுக்கு நம் பூக்கடை வாசனை உண்டு. ஜாதிமல்லி எண்ணெயில் 1962இல் கண்டெடுக்கப்பட்ட பொருளை ஒட்டி ஜாஸ்மோனிக் அமிலம் என்று பெயர். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிளாரன்ஸ் ரையன் 1972இல் காட்டியது இது: ஓர் இலையை வண்டு கடித்தால், கடிபடாத மற்ற இலைகளிலும் பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதம் சேர்கிறது. அந்தத் தகவலின் நடுவே இருப்பது ஜாஸ்மோனிக் அமிலம்தான் என்பது பின்னால் தெளிவானது.

இரண்டு ஆபத்தும் ஒரே நேரத்தில் வந்தால்? மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நேத்தன் ஹாவ்கோ, கிரெக் ஹோவ் ஆகியோரின் குழு 2020இல் இதை ஆராய்ந்தது. வெப்பம் ஏறினால் தக்காளி இலைக்காம்பை மேலே உயர்த்தி, துளைகளை அகலத் திறந்து, வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். புழு கடித்திருந்தால் ஜாஸ்மோனிக் அமிலம் இரண்டையும் தடுத்துவிடுகிறது. துளை திறப்பதில்லை, காம்பு உயர்வதில்லை. இலை சூடேறி ஒளிச்சேர்க்கை குறைகிறது. புழுவோ சூட்டில் இன்னும் வேகமாகத் தின்கிறது. செடி தன்னைக் காக்க எடுத்த முடிவே அதைச் சுடுகிறது. புவி வெப்பமாதலைப் பற்றி எழுதும்போது சராசரி வெப்பநிலைக் கணக்கோடு நின்றுவிடுகிறோம். என்னைக் கவலைப்படவைப்பது இந்த மாதிரி இடங்கள்தான்.

இப்போது என் மாடிச் செடிக்கு வருகிறேன். வேர் தண்ணீரில் மூழ்கினால் அதற்குக் கிடைக்காமல் போவது காற்று. ஆக்சிஜன் நீரில் மிக மெல்லத்தான் நகரும். இருந்த கொஞ்சத்தையும் வேரும் மண்ணின் நுண்ணுயிர்களும் குடித்துவிடும். மூச்சுத் திணறும் வேர் எத்திலீனைச் செய்யப் பார்க்கிறது. ஆனால் எத்திலீன் சமையலின் கடைசிக் கட்டத்துக்கே ஆக்சிஜன் வேண்டும். அதனால் முந்தின கட்டத்தோடு நின்றுவிடுகிறது. அந்தப் பாதிப் பண்டத்துக்கு ஏசிசி என்று பெயர். தைவானில் பிறந்து கலிஃபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றிய ஷாங் ஃபா யாங் 1979இல் அதை அடையாளம் கண்டார். அடுத்த ஆண்டே அவரும் கென்ட் பிராட்ஃபோர்டும் வெள்ளத்தில் நின்ற தக்காளிச் செடிகளின் வேரிலிருந்து நீரை மேலேற்றும் சைலம் குழாய்களின் சாற்றில் ஏசிசி பெருகுவதைக் காட்டினார்கள். வேர் மாவை அரைத்து மேலே அனுப்புகிறது. அடுப்பு இலையில்தான் எரிகிறது. இலையில் ஆக்சிஜன் தாராளம், அங்கே ஏசிசி எத்திலீனாகிறது, காம்பின் மேல்புறச் செல்கள் நீள்கின்றன, காம்பு கவிழ்கிறது.

ஏசிசியைச் செய்யும் நொதிக்குத் தக்காளியில் ஒரு மரபணு அல்ல, ஒரு குடும்பமே இருக்கிறது. பழம் சிவக்கும்போது விழிப்பவை சில; வேர் மூழ்கும்போது விழிப்பவை வேறு சில. எத்திலீனை உணரும் ஏற்பி கெட்ட ஒரு தக்காளியும் உண்டு. பழுக்கவே பழுக்காது என்ற பொருளில் நெவர் ரைப் என்பார்கள். அதன் காய் செக்கச்செவேலென்று ஆகாது; எத்திலீனில் வைத்தாலும் அதன் காம்பு வளையாது. கூடையில் பழுப்பதும் மழையில் கவிழ்வதும் ஒரே காதால் கேட்கப்படும் செய்திகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. இந்தக் காது எவ்வளவு கூர்மையானது என்றால், எரிவாயு விளக்குகள் இருந்த காலத்தில் கண்ணாடிக் கூடங்களில் வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கத் தக்காளிச் செடியை வைத்திருந்தார்கள். இலை கவிழ்ந்தால் குழாயில் கசிவு.

கவிழ்வதால் செடிக்கு என்ன லாபம்? இலையின் முகத்தில் வெயில் குறைவாக விழும், வேர் முடங்கியிருக்கும் நேரத்தில் நீர்ச் செலவு குறையும் என்று விளக்குகிறார்கள்; நியாயமாகப் படுகிறது. அதைவிட முக்கியமான இன்னொன்றை எத்திலீன் செய்கிறது. தக்காளித் தண்டின் அடியில் கை வைத்துப் பார்த்தால் சிறு சிறு முண்டுகள் தட்டுப்படும். பிசா நகர ஆய்வாளர்கள் 2010இல் காட்டியபடி, வெள்ளத்தில் எத்திலீனும் ஆக்சினும் சேர்ந்து தண்டின் அடியில் புது வேர்களை எழுப்புகின்றன. பழைய வேர் அழுகினாலும் நீர்மட்டத்தை ஒட்டிக் காற்று கிடைக்கும் இடத்தில் புது வேர். நெவர் ரைப் செடியில் இது மிகவும் குறைந்துவிடுகிறது.

மழைக்காலத்துக்கு உதவும் வழிகளில் இரண்டு எனக்கு நம்பிக்கை தருகின்றன. தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம் தக்காளியைக் கத்திரி வேரில் ஒட்டுக்கட்டச் சொல்கிறது. தேங்கிய நீரைக் கத்திரி வேர் தக்காளி வேரைவிட நன்றாகத் தாங்கும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் கிளிக் ஆராய்ந்த மண் பாக்டீரியாக்கள் வேரோரம் ஏசிசியையே தின்று தழைச்சத்தாக்கிக்கொள்கின்றன. அவற்றைப் பூசிய தக்காளி வெள்ளத்தைக் கூடுதலாகத் தாங்கியதை 2001இல் அவர் எழுதினார். அரைத்த மாவு அடுப்புக்குப் போகும் முன்பே கொஞ்சத்தை எடுத்துவிடுவதால், எத்திலீன் வருகிறது, மிஞ்சிப்போவதில்லை.

நான் செய்தது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. ஒரு நீள ஆணியைப் பழுக்கக் காய்ச்சிப் பையின் அடியில் ஆறு ஓட்டை போட்டேன். கரியாகக் கறுத்த தண்ணீர் நாற்றத்தோடு வடிந்தது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவ்வளவு தண்ணியிலயா நின்னுச்சு? நான் வேற ஊத்தச் சொன்னேனே" என்று வருத்தப்பட்டார். ஒரு வாரத்தில் புது இலைகள் நிமிர்ந்து வந்தன. முதலில் கவிழ்ந்த இரண்டு காம்புகள் மட்டும் கடைசி வரை நேராகவில்லை. தண்டின் அடியில், மண்ணுக்கு ஓர் அங்குலம் மேலே, அரிசி முனை அளவுக்கு வெள்ளையாக ஒரு வரிசை எட்டிப் பார்த்தது. அது வேர் என்று சொன்னேன். அக்கா கீழே போய் ஒரு கை மண் எடுத்து வந்து அதன்மேல் அணைத்துவிட்டார்.